பைரவர் கல்லை யார் படிப்பது

தர்ஷினிக்கு,

நலம் விசாரிக்க எனக்கு இப்போது பொறுமை இல்லை. நீ நன்றாகத்தான் இருப்பாய். சாப்பிட்டிருப்பாய், தூங்கியிருப்பாய், எழுந்து முகம் கழுவிவிட்டு எனக்கு அந்த வாய்ஸ் மெசேஜை அனுப்பியிருப்பாய். "அம்மா, நான் ஆராய்ச்சித் தலைப்ப மாத்திக்கிறேன். பைரவர் கல்லு வேணாம். ஒங்களுக்கு ஊருல பிரச்சின வரக்கூடாது. மாசக் கடைசியில கடிதம் குடுத்துருவேன்." அவ்வளவுதான். முடிவில் ஒரு சிரிப்பு வேறு. அந்தச் சிரிப்பை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். அது சிரிப்பில்லை என்று பெற்றவளுக்குத் தெரியாதா? போன் எடுத்துத் திட்டலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். நீ "சிக்னல் இல்லம்மா" என்று வைத்துவிடுவாய், எனக்கும் வாய் நீளும். அதனால் கடையில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, வெட்டின துணியை எல்லாம் ஒதுக்கிவிட்டு, இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். ஒளித்து வைத்துப் படிக்காதே. உன் அறையில் இருக்கிற பிள்ளைகள் படிக்கட்டும், உன் ஆராய்ச்சி மேற்பார்வையாளரும் படிக்கட்டும். யாருக்கும் தெரியக் கூடாத எதையும் நான் இதில் எழுதப் போவதில்லை.

முதலில் ஒன்று கேட்கிறேன். எனக்குப் பிரச்சினை என்று நான் உன்னிடம் சொன்னேனா? "மகளே, என்னால் தாங்க முடியவில்லை, விட்டுவிட்டு வா" என்று அழுதேனா? கோயில் கமிட்டி என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள் என்று யாரோ உனக்குச் சொல்லியிருக்கிறார்கள். அந்த ராத்திரியே நீ முடிவெடுத்துவிட்டாய். கூப்பிட்டார்கள் என்று கேட்டாயே, அங்கே என்ன நடந்தது என்று என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம். நீ ஆடத் தெரிந்தவளாச்சே, நீ ஏன்டி கூடத்தைக் குறை சொல்கிறாய்? பயம் வந்தால் பயம் என்று சொல். சலிப்பு என்றால் சலிப்பு என்று சொல். அதைவிட்டு என் பேரைக் கொண்டுபோய் பல்கலைக்கழகக் கடிதத்தில் எழுதாதே. 'தாயாரின் நன்மை கருதி' என்று எழுதுவாய், எனக்குத் தெரியும். அந்தத் தாயார் இங்கே கொதித்துக்கொண்டிருக்கிறாள் என்பதையும் சேர்த்து எழுது.

உன் படிப்புக்காக நான் இந்தக் கடையில் எத்தனை பேருக்குப் பதில் சொல்லியிருப்பேன் என்று உனக்குத் தெரியுமா? வட்டவளை டவுனில் இந்த ஒரு தையல் கடைதான் பெண்கள் உட்கார்ந்து கதைக்கிற இடம். அளவு கொடுக்க வருகிறவள் ஜாக்கெட்டுக்குக் கழுத்து எவ்வளவு இறக்கம் என்று சொல்லி முடிப்பதற்குள், "மக என்ன படிக்கிறா?" என்பாள். இடைக்கால ஆய்வு என்பேன். முகத்தைச் சுளிப்பாள். "அப்படின்னா? டீச்சரா வருவாளா?" இல்லை. "பேங்க்கா?" இல்லை. "பின்ன எதுக்குங்க? அதுக்கு மாப்பிள கெடைக்குமா?" பக்கத்துத் துணிக்கடை முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், அவர்தான் ஒருநாள் ஒழுங்காகக் கேட்டார். "தங்கச்சி, அது ராசாக்கமாரு காலத்துப் படிப்புதானே? எங்க ஆளுங்க கப்பலேறி வந்து ஏலக்காய் மிளகு வாங்குன காலம் அதுக்குள்ள வருதா?" வரும் என்றேன். வருமா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது, ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. பிறகு உன்னிடம் போனில் கேட்டேன், நீ அரை மணி நேரம் கப்பல் கதை சொன்னாய். மறுநாள் நானாவுக்கு அதை அப்படியே ஒப்பித்தேன். மனுசன் பிளேன் டீ வரவழைத்துக் கொடுத்துக் கேட்டார்.

அந்த நாளில்தான் உன் படிப்பு என்னவென்று எனக்கே பிடிபட்டது. சரித்திரம் மட்டும் இல்லை, எழுத்து மட்டும் இல்லை. ஒரே காலத்தை எல்லாப் பக்கமும் நின்று பார்க்கிற படிப்பு. கல் எந்த மலையில் வெட்டினது என்று கல் படித்தவரிடம் போய்க் கேட்கிறாய். எழுத்து எந்த ராசா காலம் என்று எழுத்துப் படித்தவரிடம் கேட்கிறாய். பாளி ஒரு பக்கம், சமஸ்கிருதம் ஒரு பக்கம், பழைய சிங்களம், பழைய தமிழ். ஹட்டன் பஸ்ஸில் சிங்களப் போர்டு வாசிக்கவே நான் கண்ணைச் சுருக்குகிறேன், நீ ஆயிரம் வருசத்துச் சிங்கள எழுத்தைத் தடவித் தடவி வாசிக்கிறாய். எனக்கு அதில் பெருமை இல்லை என்றா நினைத்தாய்? இருந்தது, நிறைய இருந்தது. உன் முகத்துக்கு நேரே சொன்னால் தலைக்கனம் ஏறிவிடும் என்று சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், ஏற்றிக்கொள். உனக்கு இப்போது கொஞ்சம் தலைக்கனம் தேவைப்படுகிறது.

கல்லைப் பற்றி மற்றவர்களும் படிக்கிறார்கள் என்பதால் விளக்கமாக எழுதுகிறேன். எங்கள் தோட்டம் வட்டவளைக்குக் கீழே, கினிகத்தேனைப் பக்கம் இறங்குகிற சரிவில் இருக்கிறது. கீழ்க்கணக்கு என்கிற கீழ்ப்பிரிவுத் தேயிலை முடிந்து ஓடை தொடங்குகிற இடத்தில் ஒரு நாலுபட்டைக் கல்தூண், என் நெஞ்சு உயரம். ஒரு முகத்தில் சூரியனும் சந்திரனும் செதுக்கியிருக்கும். இன்னொரு முகத்தில் ஒரு காகம், ஒரு நாய். யார் நட்டது, எப்போது நட்டது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. ஆனால் எங்கள் ஆட்கள் அதைப் பார்த்த மாத்திரத்தில் கணக்குப் போட்டுவிட்டார்கள். சூரியன் இருக்கிறார், சந்திரன் இருக்கிறார், காகம் இருப்பதால் சனீஸ்வரன் இருக்கிறார். நவக்கிரகத்தில் மூன்று பேர் காட்டுக்குள் வந்து நிற்கிறார்கள். நாய் இருப்பதால் பைரவர், அவர் சனிக்கே குரு. இதற்கு மேல் ஒரு தோட்டத்துக்கு என்ன வேண்டும்? தகரம் போட்டார்கள், சுற்றிச் சிமெந்து பூசினார்கள், சனிக்கிழமை தோறும் நல்லெண்ணெய் விளக்கு. உன் அப்பா தொழிற்சாலைப் படியில் விழுந்து காலை முறித்துக்கொண்டபோது அங்கேதான் வேண்டினேன். உன் உயர்தரப் பரீட்சைக்கு மழையென்றும் அட்டையென்றும் பாராமல் இறங்கிப் போய் எண்ணெய் ஊற்றினேன். நீ பாஸான அன்றைக்கு பைரவருக்கு வடைமாலை போட்டது உனக்கு நினைவிருக்கும், பாதி வடையை நீதான் தின்றாய்.

பிறகு சித்திரை விடுமுறையில் வந்தாய். என்னோடு விளக்கேற்ற வந்தாய். நான் கற்பூரத்தைக் கொளுத்திக் கண்ணை மூடி நிற்கிறேன், பக்கத்தில் போன் லைட்டை அடித்துக்கொண்டு நீ சொல்கிறாய், "அம்மா, இது பைரவர் இல்ல." கற்பூரம் எரிகிறது, தர்ஷினி! எரிகிற கற்பூரத்துக்கு முன்னால் ஒரு பிள்ளை பேசுகிற பேச்சா அது? கண்ணைத் திறந்தேன். நீயோ நிறுத்துகிற பாடாயில்லை. ராசா காலத்தில் ஒரு ஊருக்கு வரியிலிருந்தும் கட்டாய வேலையிலிருந்தும் விடுதலை எழுதிக் கொடுத்தால் இப்படித் தூண் நடுவார்களாம். சூரியனும் சந்திரனும் உள்ளவரைக்கும் அந்த ஆணை செல்லும் என்று அர்த்தமாம். ஆணையை மீறினவன் அடுத்த பிறவியில் நாயாகவும் காகமாகவும் பிறப்பானாம், அதைத்தான் படமாகச் செதுக்கியிருக்கிறார்களாம். "அப்ப நான் இத்தன வருசமா சாபத்துக்கா எண்ண ஊத்துனேன்?" என்று கேட்டேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். எனக்கு வந்த கோபத்தில் வீடு வரைக்கும் உன்னோடு பேசாமல் ஏறினேன். வீட்டுக்கு வந்து அக்கம்பக்கம் கேட்கக் கத்தினேன். கத்தினது கத்தினதுதான், அதற்கெல்லாம் மன்னிப்புக் கேட்கமாட்டேன். கற்பூரம் அணைகிற வரையாவது நீ பொறுத்திருக்கலாம்.

உன் அப்பாதான் ராத்திரி சாப்பிடும்போது மெதுவாகக் கேட்டார், "அதுல வேற என்னம்மா எழுதியிருக்கு?" எண்ணெய்ப் பிசுக்கு ஏறி எழுத்து மூடிக் கிடக்கிறது, துடைத்தால் தெரியும் என்றாய். மறுநாள் நான் கடைக்கு வந்தபிறகு வெந்நீரும் பஞ்சும் எடுத்துக்கொண்டு போய்த் துடைத்திருக்கிறாய். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது தப்பு, அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தோட்டத்திலிருந்து அடுத்த பஸ் வட்டவளைக்கு வந்து சேர்வதற்கு முன்னால் செய்தி என் கடைக்கு வந்துவிட்டது. "அக்கா, ஒங்க மக பைரவர் முன்னால குந்திக்கிட்டு அவர் மூஞ்சியத் தேச்சிக் கழுவுறா!" ஆனாலும் ராத்திரி நீ படம் பிடித்ததை வைத்து எழுத்தெழுத்தாகக் கூட்டி, முதல் வரியைக் கண்டுபிடித்ததும் குதித்தாயே, அந்தக் குதிப்பை நான் பார்த்தேன். என்னையும் எதிரில் உட்கார வைத்து, எப்போதிருந்து விளக்கேற்றுகிறீர்கள், ஏன் நல்லெண்ணெய், ஏன் சனிக்கிழமை என்று போனில் பதிவு பண்ணினாய். அந்தக் கல்லுக்குப் பக்கத்தால்தான் அந்தக் காலத்தில் சிவனொளிபாத மலைக்கு யாத்திரை போகிற பாதை இருந்திருக்க வேண்டும் என்றாய். ராசாவின் எழுத்தும் என் எண்ணெயும் ஒரே ஆராய்ச்சிக்குள் வரும் என்றாய். அன்றைக்குத்தான் என் கோபம் ஆறியது.

இப்போது வேறு கோபம். உன் மேற்பார்வையாளர் சொன்னதாக நீ போனில் சொன்ன வார்த்தை என் காதிலேயே நிற்கிறது. "உங்க ஆட்கள் இலங்கைக்கு வந்தே இருநூறு வருஷம்தானே. இடைக்காலம் உங்களுக்கு எதுக்கு? தோட்டச் சம்பளத்தைப் பற்றிச் செய்யுங்க. உங்களுக்கு இயல்பா வரும், சீக்கிரமாவும் முடிச்சிடலாம்." நல்ல மனசோடுதான் சொன்னார் என்று நீ அவருக்காக வேறு பேசினாய். நல்ல மனசோடு குத்தினால் ஊசி குத்தாதா? இருநூறு வருசத்துக்கு முன்னால் நாம் எங்கே இருந்தோம் என்று நினைக்கிறார் அவர்? தேயிலைச் செடியிலிருந்து காய்த்தோமா? வானத்திலிருந்து குதித்தோமா? என் அப்பாவின் பாட்டன் திருச்சிப் பக்கத்திலிருந்து வந்தவர் என்று சொல்வார்கள். அவருக்கு ஒரு பாட்டன் இருந்திருப்பான், அவனுக்கு ஒரு முப்பாட்டன் இருந்திருப்பான். அவனையும் ஒரு ராசா ஆண்டிருப்பான், வரி பிடுங்கியிருப்பான், கோயில் கட்ட இழுத்துக்கொண்டு போயிருப்பான். இடைக்காலம் எல்லாருக்கும் வந்தது, எங்களுக்கு மட்டும் வராமல் போய்விட்டதா?

சரி, நம் முப்பாட்டன் இந்தக் கல் நட்டபோது இங்கே இல்லை. ஒத்துக்கொள்கிறேன். உன் மேற்பார்வையாளர் இருந்தாரா? ராசாவுக்குப் பக்கத்தில் நின்று சாமரம் வீசினாரா? எங்கிருந்தோ கப்பலேறி வந்த வெள்ளைக்காரன் நம் நாட்டுக் கல்லையெல்லாம் படித்துப் புத்தகம் போட்டான் என்று நீதானே சொன்னாய். அவனிடம் யாராவது உனக்கு எதற்கு என்று கேட்டார்களா? கல்லுக்குப் பக்கத்திலேயே பிறந்து, அதன் மேல் ஊற்றின எண்ணெயைத் தலையில் தடவி வளர்ந்த பிள்ளையிடம்தான் கேட்கிறார்கள். தோட்டச் சம்பளத்தைப் பற்றி எழுதுவது கேவலம் என்று நான் சொல்லவில்லை. அதை எழுத வேண்டும், நன்றாக எழுத வேண்டும், எழுத ஆசைப்படுகிறவள் எழுதட்டும். ஆனால் நம் பிள்ளை எதைப் படிக்கப் போனாலும் கையைப் பிடித்துத் திருப்பிக் கொண்டுவந்து கொழுந்துக் கூடைக்குப் பக்கத்திலேயே உட்கார வைக்கிறார்களே, அதுதான் எனக்குப் பற்றி எரிகிறது.

நான் ஹட்டனில் தையல் பழகின காலத்திலும் இதைத்தான் கேட்டேன். மாஸ்டர் நல்ல மனுசன், அவருக்கும் நல்ல மனசுதான். "தோட்டத்துப் பொம்பளப் புள்ளைக்குப் பாவாட சட்ட தைக்கத் தெரிஞ்சாப் போதும்மா. கோட்டு வெட்டிப் பழகி என்ன செய்யப் போற? ஒங்க லயத்துல யாரு கோட்டுப் போடுறா?" என்பார். லயத்தில், அந்த வரிசை வீடுகளில், யாரும் கோட்டுப் போடவில்லைதான். அதற்காக எனக்குக் கோட்டு வெட்டத் தெரியக் கூடாதா? அவர் மத்தியானம் கண்ணயர்கிற நேரத்தில் கடுதாசியில் வெட்டிப் பழகினேன். என் முதல் கோட்டை ஒரு கல்யாண மாப்பிள்ளைக்குத் தைத்தேன். ஒரு கை கொஞ்சம் குட்டையாகப் போய்விட்டது. பாவம் அந்த மனுசன், தாலி கட்டுகிற வரைக்கும் அந்தக் கையை மடக்கியே வைத்திருந்தார். எனக்குக் கோட்டு சரியாக வந்தது பிறகுதான். உனக்கும் ஒரு கை குட்டையாகப் போகும், போகட்டும். பிழை விடுவதற்கும் நமக்கு உரிமை உண்டு என்று தெரிந்துகொள். பயந்துகொண்டு பாவாடைக்கே திரும்பிப் போகாதே.

இனி அந்தக் கமிட்டிக் கதைக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயில் முன்னால் கூப்பிட்டார்கள். நான் தனியாகப் போனேன். உன் அப்பாவுக்குத் தொழிற்சாலையில் வேலை, வந்திருந்தாலும் வாயைத் திறந்திருக்கமாட்டார். தலைவர் செல்லையா அண்ணன் நடுவில் உட்கார்ந்திருந்தார், சுற்றிக் கமிட்டி ஆட்கள். கொஞ்சம் தள்ளிக் கொழுந்து எடுக்கிற பெண்கள் வேடிக்கை பார்க்க நின்றார்கள். அண்ணன் மரியாதையாகத்தான் ஆரம்பித்தார்.

"இந்தாங்க தங்கச்சி, ஒங்க மக படிச்ச புள்ள, அவ மேல எங்களுக்கு மரியாத இருக்கு. ஆனா அந்தக் கல்லுல இனிமே கை வைக்கப்படாது. அவ எழுதுவா, நாளைக்குத் தொல்பொருள் ஆபீஸ்காரங்க வருவாங்க. கம்பி வேலி போடுவாங்க, போர்டு வைப்பாங்க. அப்புறம் நாம எட்ட நின்னுதான் கும்புடணும். அதுக்கும் விடுவாங்களோ என்னமோ."

பின்னாலிருந்து ஒருவர், "அது சிங்களக் கல்லுன்னு வேற சொல்றாளாம்" என்றார். எனக்குச் சுருக்கென்று வந்தது. "ஏங்க, தோட்டத்துல பெய்யிற மழை சிங்களத்துல பெய்யிதா தமிழ்ல பெய்யிதா? அதுல நனைஞ்சிதானே கொழுந்து எடுக்குறீங்க?" என்றேன். பெண்கள் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை.

அவர் பயம் பொய் என்று நான் சொல்லமாட்டேன், நீயும் சொல்லாதே. இந்த மலையில் நமக்கென்று எழுதிக் கொடுத்த ஒரு பிடி மண் கிடையாது. குடியிருக்கிற காம்பரா தோட்டத்தினுடையது, நடக்கிற ரோட்டும் தோட்டத்தினுடையது. யாரிடமும் கேட்காமல் போய் நிற்கக் கிடைத்த இடம் அந்தத் தகரத்துக்குக் கீழே கொஞ்சம். அதையும் வேலி போட்டுவிட்டால் என்ன செய்வது என்று அந்த ஆட்கள் பதறுவது நியாயம். உன் படிப்பு அந்த நியாயத்தைக் கேட்காவிட்டால் அது படிப்பே இல்லை. ஆனால் நான் தலைவரிடம் கேட்டேன். "மறைச்சு வச்சா மட்டும் அது நமக்குச் சொந்தமாயிருமா அண்ணே? இன்னைக்கு எம் மக படிக்கலன்னா நாளைக்கு வேற யாராவது வந்து படிப்பாங்க. அவங்க எண்ணையப் பத்தி என்ன எழுதுவாங்க? தோட்டத்து ஆளுங்க எண்ண ஊத்திக் கல்லக் கெடுத்துட்டாங்கன்னு ஒரு வரி எழுதுவாங்க. நம்மளப் பத்தி அந்தப் புத்தகத்துல அந்த ஒரு வரிதான் இருக்கும். அது போதுமா ஒங்களுக்கு?"

தர்ஷினி, இதை உன்னிடமும் கேட்கிறேன். அந்த ஒரு வரி போதுமா உனக்கு? எழுத்து படித்தவன் விளக்கேற்றியது யார் என்று கேட்கமாட்டான். விளக்கைப் பற்றி எழுத வருகிறவனுக்கு எழுத்துத் தெரியாது. இரண்டையும் சேர்த்துப் படிக்கத்தானே உன்னை அனுப்பினோம்? எண்ணெய் எழுத்தை மூடிவிட்டது என்று நீ சொன்னாய். மூடினது மட்டும்தானா? அந்தத் தகரம் இல்லாவிட்டால், வருசா வருசம் சிமெந்து பூசாவிட்டால், அந்தக் கல் ஓடையில் விழுந்து எப்போதோ உருண்டிருக்கும். ரோட்டுப் போடுகிறவன் உடைத்துச் சல்லியாக்கியிருப்பான். சாமி என்று தவறாக நினைத்ததால்தான் அது இன்னும் நிற்கிறது. இதை எழுத உன்னைத் தவிர யாருக்கு மனம் வரும்? வாயில்லாத கல்லென்று விட்டுவிட்டுப் போகாதே, நீ போனால் எங்களுக்கும் சேர்த்து வாயில்லாமல் போய்விடும்.

கமிட்டியில் அதற்குப் பிறகு நடந்ததைத்தான் உனக்குச் செய்தி சொன்னவர்கள் விட்டுவிட்டார்கள். தலைவர், "சரி, அப்படி என்னதான் அதுல எழுதியிருக்கு?" என்று கேட்டார். நீ அன்றைக்கு ராத்திரி படித்துச் சொன்னதை எனக்கு நினைவிருந்தபடி சொன்னேன். "ராசாவோட ஆளுங்க இந்த ஊருக்குள்ள வரக்கூடாது. ஊர்க்காரங்க வண்டியையும் மாட்டையும் புடிச்சிக்கிட்டுப் போகக்கூடாது. ஊர்க்காரங்கள சும்மா வேலைக்கு இழுக்கக்கூடாது. மீறுனவன் நாயாவும் காக்காயாவும் பொறப்பான். இன்னும் ரெண்டு பக்கம் படிக்கல, அதுல என்ன இருக்குன்னு அவளுக்கே தெரியாது."

கொழுந்து எடுக்கிற பெண்களில் ராக்கம்மா இருந்தாள். உனக்குத் தெரியும், வாயாடி. "யாருங்க, நம்ம யூனியன்காரங்களா எழுதி வச்சது?" என்றாள். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். "இல்லக்கா, ராசா" என்றேன். "ராசாவா? அப்ப மெய்யாவேதான் எழுதியிருப்பாரு" என்றாள். மறுபடியும் சிரிப்பு. தலைவர்கூடத் துண்டால் வாயை மூடிக்கொண்டார். ஆனால் ராக்கம்மா சிரிக்கவில்லை. யோசித்துக்கொண்டே முன்னால் வந்தாள்.

"அது ஆளு பேரப் போட்டு எழுதலியே. இந்த ஊருக்குன்னுதானே எழுதியிருக்கு?"

ஆமாம் என்றேன்.

"சூரியன் சந்திரன் இருக்குற வரைக்கும் செல்லுமா?"

அப்படித்தான் அர்த்தம் என்றேன்.

"இப்ப இந்த ஊருல நாமதானே இருக்கோம். அப்ப அது நமக்கும் சேருமா?"

தலைவர் என் முகத்தைப் பார்த்தார், கமிட்டி ஆட்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம், நானாவுக்குக் கப்பல் கதையில் சமாளித்த மாதிரி. அந்த மனுசியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா ஒன்றைச் சொல்ல மனம் வரவில்லை. "மாசத்துக் கடைசிச் சனிக்கிழம எம் மக வருவா. எல்லாருக்கும் முன்னால நின்னு நாலு பக்கத்தையும் படிப்பா. யுனிவர்சிட்டிக்குச் சொல்றதுக்கு முன்னால நமக்குத்தான் சொல்லுவா. இதுக்கும் அவதான் பதில் சொல்லணும்" என்றேன். தலைவர், "துணியால தேய்க்கப்படாது, நாங்களே எண்ணைய வழிச்சு எடுத்துக் குடுக்குறோம்" என்றார். அவருக்கு அவ்வளவு இறங்கி வந்ததே பெரிய காரியம்.

உன்னைக் கேட்காமல்தான் வாக்குக் கொடுத்தேன். நீயும் என்னைக் கேட்காமல்தானே என் பேரைச் சொல்லிப் படிப்பை விடப் பார்த்தாய்? கணக்குச் சரி. நீ பயந்தால் பயந்துகொண்டே வா. இன்னும் படிக்காத இரண்டு பக்கத்தில் நமக்குப் பிடிக்காதது இருந்தால் அதையும் மறைக்காமல் படி. எழுத்து புரியவில்லை என்றால் புரியவில்லை என்று சொல். ஒருவரும் உன்னை அடிக்கப் போவதில்லை. அடிக்க வந்தால் நான் இருக்கிறேன்.

சனிக்கிழமை வேலை நாள். அன்றைக்குக் கொழுந்து எடுக்க மலைக்குப் போகாதவர்களுக்குப் பேர் விழாது, ஒரு நாள் கூலி போய்விடும். கலைந்து போகும்போது இதை ராக்கம்மாவிடம் சொன்னேன், படித்து முடித்ததும் சாயந்திரம் வந்து சொல்கிறேன் என்றேன். "வேணாங்க, பேரு போனாப் போகட்டும். நா வந்து நின்னு கேட்டுக்கிறேன்" என்றாள். இடைக்காலம் நமக்குச் சேராது என்று உன் மேற்பார்வையாளர் கேட்காமலே சொல்லிவிட்டார். ராக்கம்மா கூலியை விட்டுவிட்டு வந்து, சேருமா என்று கேட்கிறாள். சேராது என்றுதான் உன் படிப்பும் சொல்கிறதென்றால், வந்து அவள் முகத்தைப் பார்த்து நீயே சொல். அதற்குப் பிறகு தலைப்பை மாற்றிக்கொள், நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன்.

அம்மா